பெரிய நாய் திடீரென்று பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டுகிறது: முதலில் என்ன செய்ய வேண்டும்?

காக்ஸ்டவுன்வாசி எழுதியது:

பெங்களூரு நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டு லாப்ரடார் கருப்பனுக்கு ஆறு வயது. எடை 41 கிலோ. கருத்தடை அறுவை முன்பே செய்தாகிவிட்டது. நேற்று மாலை மழை விட்டபின் மைதானத்தில் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியவன், சட்டென்று திரும்பும்போது வீலென்று கத்திவிட்டு, வலது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான். வீடு வரை மூன்று கால்களால்தான் வந்தான். இன்று காலை நிற்கும்போது அந்தக் காலின் விரல் நுனி மட்டும் தரையில் படுகிறது. நடக்கத் தொடங்கியதும் மறுபடியும் தூக்கிக்கொள்கிறான். சாப்பாட்டில் குறையில்லை, தொட்டால் உறுமவுமில்லை. பாதத்தில் முள்ளோ கண்ணாடித் துண்டோ இல்லை என்பதை விளக்கு வைத்துப் பார்த்துவிட்டேன்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். வெறும் சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு உருவிவிட்டால் போதும் என்கிறார் மாமனார். எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் அழைத்துப் போகலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். மனிதர்களுக்குத் தரும் வலி மாத்திரையில் பாதியைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று தம்பி கேட்கிறான். எதையும் செய்யாமல் உங்களிடம் கேட்கிறேன். இரண்டு நாள் காத்திருந்து பார்க்கலாமா, இல்லை இன்றே மருத்துவரிடம் போக வேண்டுமா?

ஹெப்பாள்மருத்துவர் எழுதியது:

சகோதரி, நான் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, இப்போது நகரில் நாய், பூனைகளுக்கு மட்டும் சிகிச்சை அளித்து வருகிறேன். நாயைக் கையால் தொட்டுப் பார்க்காமல் நோயைச் சொல்ல முடியாது. ஆனாலும் நடு வயது, கூடுதல் எடை, ஓட்டத்தில் திரும்பியபோது ஒரு கத்தல், பிறகு விரல் நுனியை மட்டும் ஊன்றுதல் என்று நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார், அதாவது நம் பேச்சில் ஜவ்வு என்கிறோமே அது, கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். பெரிய நாய்கள் பின்னங்காலை நொண்டுவதற்கு மிகப் பொதுவான காரணமும் அதுதான்.

மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் தவறினால் கால் பிழைத்து உயிர் போய்விடும். நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் வலி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலுடன் ஐபுப்ரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ அசெக்ளோஃபெனாக்கோ சேர்ந்தே இருக்கும். ஐபுப்ரோஃபென் நாய்க்குக் குறைந்த அளவிலேயே இரைப்பையில் புண்ணை உண்டாக்கும், அளவு கூடினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டைக்ளோஃபெனாக்கும் அந்த வகைதான். கழுகுகள் செத்து விழுந்ததால் 2006-ஆம் ஆண்டிலேயே கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவதை நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். நாய்க்கென்று மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவற்றையும் எடைக்குத் தக்கபடி மருத்துவர் கணக்கிட்டு, வயிற்றில் உணவோடுதான் தர வேண்டும். ஸ்டீராய்டு மருந்து ஏதேனும் ஓடிக்கொண்டிருந்தால் இவற்றை அதனுடன் சேர்த்துத் தரவே கூடாது.

உருவிவிடுவதும் வேண்டாம். உள்ளே கிழிந்திருக்கும் மூட்டை அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும். மனிதர்களுக்கான வலித் தைலத்தைத் தடவினால் நாய் நக்கிவிடும், அதிலுள்ள கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. எக்ஸ்-ரே எடுக்காமல் இறுகக் கட்டிவிடுவது அதைவிட ஆபத்து. கட்டுக்குக் கீழே இரத்த ஓட்டம் நின்று பாதம் அழுகிப்போகலாம். மாமனாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இன்று செய்ய வேண்டியது ஓய்வு கொடுப்பது. ஓட்டம், குதித்தல், மாடிப்படி, சோபாவில் ஏறுதல் எதுவும் கூடாது. சிறுநீர் கழிக்கக் குறுகிய வாரில் பிடித்து மெதுவாக அழைத்துப் போய்த் திரும்பினால் போதும். முழங்கால் வீங்கியிருந்தால் பனிக்கட்டியைத் துண்டில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். அவன் நடப்பதை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் கைப்பேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் பதற்றத்தில் பல நாய்கள் வலியை மறைத்து நன்றாகவே நடந்து காட்டும். அப்போது அந்த வீடியோதான் எங்களுக்குத் துணை. அவன் எப்படி உட்காருகிறான் என்பதையும் கவனியுங்கள். முழங்காலை மடக்க முடியாமல் அந்தக் காலை மட்டும் பக்கவாட்டில் நீட்டி வைத்து உட்கார்ந்தால் என் சந்தேகம் வலுக்கும்.

நாளைக்குள் காட்டிவிடுங்கள். கால் துவண்டு தொங்கினாலோ, எலும்பு கோணியிருந்தாலோ, ஆழமான காயம் இருந்தாலோ, பாதத்தின் மேற்புறம் தரையில் இழுபட்டாலோ, இரண்டு பின்னங்கால்களும் ஒன்றாகத் தளர்ந்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஏரிக்கரையிலோ புதர் பக்கமோ போய்வந்த நாயின் கால், நிமிடத்துக்கு நிமிடம் வீங்கிக்கொண்டே போனால் பாம்புக்கடி என்று எண்ணிப் புறப்படுங்கள். பெங்களூரின் புறநகரில் கண்ணாடி விரியனும் நாகமும் உண்டு.

ஜீவனஹள்ளி எழுதியது:

தங்கச்சி, அழைத்துப் போகும் வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 41 கிலோ நாயை ஒருவராகத் தூக்க முயலாதீர்கள். பழைய எட்டு முழ வேட்டியை நீளவாக்கில் மடித்து, அடிவயிற்றுக்குக் கீழே, பின்னங்கால்களுக்குச் சற்று முன்பாகக் கொடுத்து, இரண்டு முனைகளையும் முதுகுக்கு மேல் ஒரு கையில் பிடித்துக்கொண்டால் இடுப்பின் பாரம் உங்கள் கைக்கு வந்துவிடும். அவன் முன்னங்கால்களால் தானே நடப்பான். ஆண் நாய் என்பதால் துணி சிறுநீர்த் துவாரத்தை அழுத்தாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தெரு ஆட்டோக்காரர் பெரிய நாயை ஏற்றத் தயங்குவார், எனவே காரை முன்பதிவு செய்யும்போதே நாய் வருகிறது என்று சொல்லிவிடுங்கள். பின் இருக்கைக்கும் முன் இருக்கைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் கெட்டியான போர்வையைத் திணித்து மட்டமாக்கினால் பிரேக் போடும்போது விழமாட்டான்.

எவ்வளவு சாதுவான நாயானாலும் வலியில் கடிக்கும். வாய்ப்பூட்டு இல்லையென்றால் மெல்லிய பருத்தித் துணியால் மூக்கைச் சுற்றிக் காதுக்குப் பின்னால் முடிச்சிடலாம். மூச்சிரைத்தாலோ வாந்தி எடுக்க முனைந்தாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும்.

ஓசூர்ச்சாலை எழுதியது:

மருத்துவர் ஐயா மீது மதிப்புண்டு, ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எங்கள் பொமரேனியனுக்கும் இதே போலத்தான் வந்தது. ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றுதான் மருத்துவரும் சொன்னார். ஓய்வு கொடுத்தோம், சில வாரங்களில் தானாகவே சரியாகிவிட்டது, இப்போது மாடிப்படி ஏறுகிறது. உடனே ஸ்கேன், அறுவை என்று மக்களைப் பயமுறுத்துவதைவிட, இயற்கை தன் வேலையைச் செய்யச் சற்று இடம் கொடுக்கலாம் அல்லவா?

ஹெப்பாள்மருத்துவர் எழுதியது:

நீங்கள் சொல்வது உங்கள் நாய்க்கு உண்மைதான். 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தத் தசைநார் கிழிந்து அறுவை செய்யப்படாத நாய்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 15 கிலோவுக்கு உட்பட்டவற்றில் ஏறத்தாழ 85 விழுக்காடு நன்றாகவே நடமாடின. அதற்கு மேற்பட்ட எடையுள்ளவற்றில் ஐந்தில் ஒன்றுதான் அப்படித் தேறியது. பொமரேனியனின் அனுபவத்தை லாப்ரடாருக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது என்பது அதனால்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஓய்வில் வைத்தால் பெரிய நாயும் சில நாட்களில் காலை ஊன்றத் தொடங்கிவிடும், வலி மருந்து கொடுத்தால் இன்னும் சீக்கிரம். வீட்டில் இருப்பவர்கள் சரியாகிவிட்டது என்று எண்ணி மறுபடியும் பந்தை எறிவார்கள். ஆனால் தசைநார் இல்லாத மூட்டில் ஒவ்வொரு அடிக்கும் எலும்பு வழுக்கிக்கொண்டே இருக்கும். உள்ளே மெத்தையாக இருக்கும் குருத்தெலும்புத் தகடு நசுங்கும். மூட்டுவாதம் கூடிக்கொண்டே போகும். அறுவை வேண்டுமா வேண்டாமா என்பது பிறகு பேச வேண்டியது. எங்கே வலிக்கிறது, ஏன் வலிக்கிறது என்று தெரிவதற்கு முன் வலியை அமுக்கிவிடாதீர்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

ஷெப்பர்ட்வளர்ப்பவன் எழுதியது:

இந்த இழையைக் குட்டி நாய் வளர்ப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு எட்டு மாதம் இருக்கும்போது முன்னங்காலில் நொண்டல் தொடங்கியது. அது சரியாவதற்குள் பின்னங்காலுக்குப் போனது. பிறகு மறுபடியும் வேறொரு முன்னங்கால். மருத்துவர் மூட்டுகளை மடக்கிப் பார்த்தபோது அவன் பேசாமல் இருந்தான். முன்னங்காலின் நீண்ட எலும்பை நடுவில் பிடித்து அழுத்தியபோதுதான் கத்தினான். எக்ஸ்-ரே பார்த்துவிட்டு, இது பேனோஸ்டைட்டிஸ் என்னும் எலும்பு அழற்சி, ஐந்து மாதம் முதல் ஒன்றரை வயது வரையுள்ள பெரிய இனக் குட்டிகளுக்கு வருவது, ஷெப்பர்டுகளுக்கு மிகுதி, வளர்ச்சி முடியும்போது தானாக அடங்கிவிடும் என்றார். அப்படியே அடங்கியும் விட்டது.

அன்று அவர் கண்டிப்பாகச் சொன்ன இன்னொன்று, கால்சியம் டானிக்கை நிறுத்த வேண்டும் என்பது. பெரிய இனக் குட்டிக்கு எலும்பு பலமாக வேண்டும் என்று கால்சியம் சிரப் ஊற்றுவது நம் ஊர்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் சில மாதக் குட்டிகளின் குடல், தேவைக்கு மேல் வந்த கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாமல் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் எலும்பும் மூட்டும் கோணலாக வளர்கின்றன. பெரிய இனக் குட்டிக்கென்று தயாரித்த உணவைத் தருபவர்கள் கூடுதலாக எதையும் சேர்க்கத் தேவையில்லை.

ஒரு சிறு குறிப்பு: நொண்டுவது முன்னங்காலா பின்னங்காலா என்று குழம்புபவர்கள் தலையைப் பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும், நல்ல கால் படும்போது தாழும்.

வர்த்தூர்ஏரி எழுதியது:

உண்ணிக் காய்ச்சலை யாரும் குறிப்பிடவில்லை. பெங்களூரில் ஒரு நாய் திடீரென்று நொண்டினால் இதையும் மனத்தில் வைக்க வேண்டும். எங்கள் கோல்டன் ரிட்ரீவருக்கு விழுந்த அடி எதுவும் கிடையாது, காலையில் எழுந்திருக்கும்போதே கால்கள் விறைத்துப் போய், ஒரு நாள் இந்தக் கால், மறுநாள் அந்தக் கால் என்று நொண்டினாள், சோறும் குறைந்தது. உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா என்னும் கிருமி இரத்தத்தில் இருந்ததாகப் பரிசோதனை சொன்னது. மூட்டுகளில் அழற்சி வந்திருந்ததால்தான் அந்த நொண்டல். டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாள் விடாமல் தர வேண்டும் என்றார்கள். முதல் வாரத்திலேயே அவள் துள்ளத் தொடங்கிவிட்டாலும் முழு அளவையும் கொடுத்து முடித்தோம்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மனிதக் கணக்கில் பார்த்து அதைக் காய்ச்சல் என்று பயப்படவும் வேண்டாம். 103-ஐத் தாண்டினால் அலட்சியம் செய்யவும் வேண்டாம். பழுப்பு நாய் உண்ணி வீட்டுச் சுவரின் விரிசலிலும் கட்டிலின் இடுக்கிலும் முட்டையிட்டு வாழ்வது. நாய் மீது மருந்து போட்டு வீட்டை விட்டுவிட்டால் மறுபடியும் ஏறிக்கொள்ளும்.

ராஜபாளையத்தான் எழுதியது:

எழுதுவதா வேண்டாமா என்று தயங்கியே எழுதுகிறேன். யாரையும் கலங்க வைப்பது என் நோக்கமன்று. எங்கள் ராஜபாளையம் நாய்க்கு ஒன்பது வயதில் முன்னங்காலில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, நொண்டல் வந்தது. மாடியிலிருந்து இறங்கும்போது சறுக்கியது நினைவிருந்ததால் சுளுக்கு என்றே எல்லோரும் சொன்னார்கள். வலி மருந்து கொடுத்த வரைக்கும் நடந்தான், நிறுத்தினால் நொண்டினான். அந்த இடம் கையால் தடவினால் மற்றக் காலைவிடத் தடித்து, சூடாக இருந்தது. எக்ஸ்-ரேயில் எலும்பு அரித்துப் போயிருந்தது. எலும்புப் புற்றுநோய்.

பெரிய, நெடிய இனங்களுக்கு நடு வயதுக்குப் பிறகு இது வருகிறது என்றும், முன்னங்காலில் மணிக்கட்டுக்கு மேலும் தோளுக்கு அருகிலும், பின்னங்காலில் முழங்காலின் இரு பக்கத்திலும் பெரும்பாலும் காணப்படுகிறது என்றும் மருத்துவர் விளக்கினார். காலை எடுத்துவிட்டால் வலி தீரும். ஆனால் கண்டுபிடிக்கும் வேளையில் பெரும்பாலான நாய்களுக்கு நுண்ணிய அளவில் நுரையீரலுக்குப் பரவியிருக்கும் என்பதால் நெஞ்சையும் எக்ஸ்-ரே எடுத்தே முடிவெடுக்க வேண்டும் என்றார். காலை மட்டும் எடுத்தால் சராசரியாக நான்கைந்து மாதம், கீமோவும் சேர்த்தால் பத்து, பன்னிரண்டு மாதம். நாங்கள் இரண்டையும் செய்தோம். மூன்று காலில் அவன் ஓடியதைப் பார்த்தவர்கள், கால் இல்லாமல் நாய் வாழாது என்று இனிச் சொல்ல மாட்டார்கள்.

சகோதரியின் நாய்க்கு இது இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆறேழு வயதைத் தாண்டிய பெரிய நாயின் நொண்டல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மருந்து மாற்றிக்கொண்டே இருக்காமல் ஒரு எக்ஸ்-ரே எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

காக்ஸ்டவுன்வாசி எழுதியது:

ராஜபாளையத்தான் அண்ணா, தயங்காமல் எழுதியதற்கு நன்றி. நீங்கள் எழுதியதால்தான் நெஞ்சையும் சேர்த்து எக்ஸ்-ரே எடுக்கலாமா என்று நானாகக் கேட்டேன். ஜீவனஹள்ளி அக்கா சொன்னபடியே வேட்டியைக் கொடுத்துக் கருப்பனை வண்டியில் ஏற்றினோம்.

மருத்துவர் முதலில் வீடியோவைத்தான் பார்த்தார். பிறகு அவனைத் தொடாமலேயே சற்று நேரம் நிற்க வைத்து, பின்னாலிருந்து இரண்டு தொடைகளையும் ஒப்பிட்டார். வலது தொடை கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தது. ஒரே நாளில் தொடை மெலியாது, இந்த ஜவ்வு சில காலமாகவே நைந்துகொண்டிருந்திருக்கிறது, நேற்று மீதியும் அறுந்தது என்றார். தூக்க ஊசி போட்டுப் படுக்க வைத்தபின், ஒரு கையால் தொடை எலும்பின் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க்கால் எலும்பை முன்னோக்கித் தள்ளினார். மேசையின் இழுப்பறை போல அது முன்னால் நழுவி வந்தது. இடது காலில் செய்து காட்டியபோது அசையவே இல்லை. எக்ஸ்-ரேயில் ஜவ்வு தெரியாது, எனவே எலும்பு முறியவில்லை என்பதை வைத்து எதுவுமில்லை என்று எண்ணக்கூடாது, மூட்டுக்குள் நீர் கோத்திருப்பதையும் எலும்பு இடம் பெயர்ந்திருப்பதையும்தான் பார்க்க வேண்டும் என்று படத்தில் விரல் வைத்துக் காட்டினார். புற்றுக்கான அறிகுறி ஏதும் இல்லை.

கீழ்க்கால் எலும்பை அறுத்துத் திருப்பிப் பூட்டும் டி.பி.எல்.ஓ. என்னும் அறுவையைப் பரிந்துரைத்திருக்கிறார். பெரிய செலவு என்பதால் வீட்டில் பேச்சு நடக்கிறது. 41 கிலோ நாய்க்கு அறுவையைத் தவிர வழியே இல்லையா?

இந்திராநகர்அக்கா எழுதியது:

வழி இருக்கிறது, எல்லோருக்கும் அல்ல. 2013-இல் வந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். எடை மிகுந்த பெரிய நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு டி.பி.எல்.ஓ. செய்தார்கள், மற்றதற்குச் செய்யவில்லை. இரண்டு குழுவுக்கும் எடைக் குறைப்பு, உடற்பயிற்சிச் சிகிச்சை, வலி மருந்து மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்க்கையில் அறுவை செய்தவற்றில் நான்கில் மூன்றும், செய்யாதவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. அறுவைதான் மேல், சந்தேகமில்லை. ஆனால் வயது, இதய நோய், பணமின்மை என்று ஏதோ ஒன்றால் அறுவை முடியாதவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கத் தேவையில்லை. எடையைக் குறைப்பதும், தசையைத் தேற்றுவதும் பாதிச் சிகிச்சை. சும்மா வீட்டில் படுக்க வைத்துக் காத்திருப்பது அந்த ஆய்வில் சொன்ன சிகிச்சை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஹெப்பாள்மருத்துவர் எழுதியது:

அக்கா சொன்னது நியாயமான கணக்கு. என் தீர்ப்பைக் கேட்டால், ஆறு வயதுள்ள, வேறு நோயில்லாத, ஓடியாடப் பழகிய லாப்ரடாருக்கு அறுவையே நல்லது. பன்னிரண்டு வயதுக் கிழவனாக இருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன்.

அந்த அறுவை என்ன செய்கிறது என்று வீட்டில் விளக்கினால் பேச்சு எளிதாகும். நாயின் கீழ்க்கால் எலும்பின் மேல்முகம் நம்முடையதைப் போல மட்டமாக இல்லாமல், பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேல் பின்னோக்கிச் சரிந்திருக்கும். நாய் காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் தொடை எலும்பு அந்தச் சரிவில் பின்னால் வழுக்கப் பார்க்கிறது. இழுத்துப் பிடிப்பது இந்த ஜவ்வு. டி.பி.எல்.ஓ. அறுந்த ஜவ்வைத் தைப்பதில்லை. எலும்பின் மேற்பகுதியை வளைவாக அறுத்து, திருப்பி, சரிவை ஏறத்தாழ 5 டிகிரிக்குக் கொண்டுவந்து, தகடும் திருகும் வைத்துப் பூட்டுகிறார்கள். சரிவே இல்லையென்றால் ஜவ்வின் வேலையும் இல்லை. மூட்டுக்கு வெளியே வலுவான நைலான் இழையால் இழுத்துக் கட்டும் எளிய முறையும் உண்டு. செலவு குறைவு, சிறு நாய்களுக்குப் போதுமானது. 40 கிலோ எடையில் இழை தளர்ந்துவிடும் என்பது என் கவலை.

மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: இந்த அறுவையை அவர் வழக்கமாகச் செய்பவரா, குருத்தெலும்புத் தகட்டையும் திறந்து பார்ப்பாரா, தொற்று வந்தால் எலும்பில் பூட்டிய உலோகத் தகட்டை எடுக்கும் செலவு மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா, எட்டாவது வாரத்து எக்ஸ்-ரே சேர்ந்திருக்கிறதா. மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செலவு தடையாக இருந்தால் ஹெப்பாளில் உள்ள கல்லூரி மருத்துவமனையின் அறுவைப் பிரிவிலும் ஒரு முறை விசாரியுங்கள். கூட்டம் அதிகம், காத்திருக்க வேண்டும், ஆனால் தனியார் கட்டணத்தோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு.

பிரேசர்டவுன்பெரியவர் எழுதியது:

எங்கள் ராட்வைலருக்கு இதே அறுவை நடந்தது. பெங்களூரு வீடுகளில் கிரானைட், டைல்ஸ் தரைதான் முதல் எதிரி. அறுவை முடிந்து வருவதற்குள் படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் அடியில் ரப்பர் ஒட்டிய கால்மிதிகளை இடைவெளியில்லாமல் விரித்துவிடுங்கள். வெறும் கோரைப் பாய் வழுக்கும். உள்ளங்காலில் வளர்ந்திருக்கும் மயிரை வெட்டி, நகத்தையும் குறைத்துவிட்டால் பிடிமானம் கூடும். தையலை நக்காமலிருக்கக் கூம்பு வடிவக் கழுத்துப் பட்டை கட்டாயம்.

முதல் எட்டு வாரங்களில் கஷ்டம் வலியில் இல்லை, அவனுக்கு வலியில்லாமல் போவதில்தான் இருக்கிறது. மூன்றாவது வாரத்தில் வாசல் மணி அடித்ததும் பாய்ந்து ஓடப் பார்ப்பான். வீட்டுக்குள்ளேயே ஓர் அறையின் மூலையைத் தடுத்து வைத்துக்கொண்டு, வெளியே போகும்போதெல்லாம் வாரில் பிடித்தே செல்ல வேண்டும். நீரில் நடக்க வைக்கும் பயிற்சியை மருத்துவர் அனுமதித்தபின் தொடங்கினோம். தொடைச் சதை அதில்தான் திரும்பியது.

காக்ஸ்டவுன்வாசி எழுதியது:

அறுவை செய்வதென்று முடிவாகிவிட்டது. மாமனாரே முன்பணம் கட்டினார். இரண்டு சந்தேகங்கள். இடது காலும் இப்படி ஆகும் என்று சொல்கிறார்களே, தடுக்க முடியுமா? எடையை எப்படிக் குறைப்பது? மாலையில் ஆளுக்கொரு பிஸ்கெட், தயிர்ச்சோற்றின் மீதி என்று வீட்டில் எல்லோரும் கொடுத்துப் பழகியிருக்கிறார்கள். இன்னொன்று, அறுவைக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைவாக இருக்கின்றன, எர்லிக்கியா இருக்கிறது என்று சொல்லி அறுவையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். காய்ச்சலே இல்லையே என்று குழப்பமாக இருக்கிறது.

ஹெப்பாள்மருத்துவர் எழுதியது:

தள்ளி வைத்தது முழுக்கச் சரி. எர்லிக்கியா மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் உடலில் தங்கியிருக்கும். காய்ச்சலும் இராது, நாயும் நன்றாகவே சாப்பிடும். தட்டணு குறைந்த நாயின் எலும்பை அறுத்தால் இரத்தம் நிற்காது. டாக்சிசைக்ளினை உணவோடு கொடுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுப்பான், மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். கொடுத்தவுடன் கொஞ்சம் தண்ணீரும் குடிக்க வையுங்கள். பாலோடு தர வேண்டாம், பாலிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். தட்டணு ஏறியதும் மறுபடியும் எண்ணிப் பார்த்தே தேதி குறிப்பார்கள். முழங்கால் அதுவரை காத்திருக்கும், ஓய்வு மட்டும் குறையக் கூடாது.

இடது காலைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். ஒரு பக்கம் கிழிந்த நாய்களில் ஏறத்தாழ பாதிக்கு மறு பக்கமும் பின்னாளில் கிழிகிறது, ஏனென்றால் இது அடிபட்டு அறுவதைவிட நாளாவட்டத்தில் நைவதே அதிகம். முற்றாகத் தடுக்கும் மருந்து கிடையாது. நம் கையில் இருப்பது எடை. மூட்டுவாதம் உள்ள பருத்த நாய்களில் உடல் எடை ஆறு விழுக்காடு குறைந்ததுமே நொண்டல் குறையத் தொடங்கியதை அளந்திருக்கிறார்கள். கருப்பனுக்கு அது இரண்டரைக் கிலோதான். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவத்திலிருந்தே இரண்டாகப் பிரித்து, பாதிக்குக் கால் பங்கு உணவைக் குறைத்தே கொடுத்தார்கள். குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவாதமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

வீட்டாரிடம் கொடுக்காதே என்றால் நடக்காது. காலையில் அவனுடைய ஒரு நாள் உணவைத் தராசில் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். யார் எதைக் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான் கொடுக்க வேண்டும், டப்பா காலியானால் அன்றைக்கு முடிந்தது. பிஸ்கெட்டுக்குப் பதில் வேகவைத்த பீன்ஸ், கேரட், வெள்ளரித் துண்டு கொடுக்கலாம்; திராட்சையும் வெங்காயமும் கூடவே கூடாது. விலா எலும்புகளை விரலால் அழுத்தாமல் தடவும்போதே எண்ண முடிய வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருத்துவமனைத் தராசில் ஏற்றி, எண்ணை இங்கேயே எழுதுங்கள். உணவளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.